கரண்ட் இல்லாத ராத்திரியும் ஒரு மழை நோட்டும்

(எபிசோடில் பேசியதன் எழுத்து வடிவம். திரும்பத் திரும்பச் சொன்னதையும் இருமலையும் எடுத்துவிட்டு, மற்றதைப் பேசிய மாதிரியே விட்டிருக்கிறோம்.)

பாண்டிச்சேரியிலிருந்து பேசுறேன். வெளியில லேசான தூறல். மைக்ல சத்தம் கேட்டா மன்னிச்சுக்கோங்க, டிசம்பர் மாசத்துல இந்த ஊர்ல மழைச் சத்தம் இல்லாம ரெக்கார்ட் பண்றது கஷ்டம்.

போன வாரம் டீம் மீட்டிங்ல அமெரிக்காவுல இருக்கிற ஒரு நண்பர் சொன்னார்: "கிறிஸ்துமஸ் லீவு, வெளியில ஸ்னோ, வீட்டுக்குள்ள ரெண்டு குழந்தைங்க, மூணு நாளா வாசப்படி தாண்டல." எல்லாரும் சிரிச்சோம். 2022 கிறிஸ்துமஸ் சமயத்துல பஃபலோ நகரத்துல வந்த பனிப்புயல் நிறைய பேருக்கு ஞாபகம் இருக்கும். கார் ஓட்டவே தடை போட்டாங்க, நாள் கணக்கா ஜனங்க வீட்டுக்குள்ளேயே இருந்தாங்க.

நமக்கு ஸ்னோ கிடையாது. ஆனா குழந்தைகளோட வீட்டுக்குள்ள மாட்டிக்கிறது நமக்கும் தெரியும். நமக்கு அதோட பேரு புயல். அதனால இன்னிக்கு டெக் டாபிக் இல்ல. ஃபெஞ்சல் புயல் ராத்திரி எங்க வீட்ல நடந்ததைச் சொல்லப் போறேன். இதுல நான் ஹீரோ இல்ல, முன்னாடியே சொல்லிடுறேன்.

வெள்ளிக்கிழமை

2024 நவம்பர் 29, வெள்ளிக்கிழமை. மழைன்னு ஸ்கூலுக்கு லீவு. அக்காவும் அவ வீட்டுக்காரரும் ஒரு கல்யாணத்துக்குச் சென்னை கிளம்பினாங்க. இந்த மழையில குழந்தைகளை இழுத்துட்டுப் போக வேணாம்னு ரெண்டு பேரையும் எங்க வீட்ல விட்டுட்டுப் போனாங்க. பெரியவளுக்கு 8 வயசு. சின்னவனுக்கு 4. வீட்ல அம்மாவும் நானும்தான்.

நாங்க இருக்கிறது ரெயின்போ நகர்ல, மாடி வீடு. கீழ ஹவுஸ் ஓனர் தாத்தாவும் பாட்டியும். பேரு வானவில் நகர்தான், ஆனா நல்ல மழை பெய்ஞ்சா முதல்ல தண்ணி நிக்கிற இடங்கள்ல எங்க ஏரியாவும் ஒண்ணு. பாண்டிக்காரங்களுக்கு இது தெரியும்.

சின்னவனுக்கு வீசிங் உண்டு. குளிர் காத்து பட்டா இளைப்பு வரும். அக்கா போறதுக்கு முன்னாடி ஒரு பையைக் கொடுத்து, "இது நெபுலைசர் மெஷின், இது மருந்து, இது இன்ஹேலர், இது ஸ்பேசர், டாக்டர் எழுதின சீட்டு உள்ள இருக்கு"ன்னு வரிசையா காட்டினா. நான் ஒரு காதுல ஹெட்ஃபோன் மாட்டிக்கிட்டு "சரிக்கா, சரிக்கா"ன்னு தலையாட்டினேன். கால்ல இருந்தேன். அந்த வாரம் எனக்கு ஆன்-கால் டியூட்டி வேற. சர்வர் பக்கம் எது உடைஞ்சாலும் முதல் அலாரம் என் போனுக்குத்தான் வரும்.

அம்மா இதுக்குள்ள எல்லாக் குடத்தையும் நிரப்பிட்டாங்க. டிரம், அண்டா, பக்கெட், கடைசியா குக்கர் கூட. பால் பவுடர், மெழுகுவர்த்தி, தீப்பெட்டி எல்லாம் வாங்கியாச்சு. நான் கிண்டல் பண்ணேன்: "அம்மா, இது புயலே ஆகாதுன்னு நேத்து சொன்னாங்க." வலுக்குமா வலுக்காதான்னு அந்த வாரம் முழுக்கக் கண்ணாமூச்சி காட்டிட்டு, அன்னிக்கு மத்தியானம்தான் அது புயலாச்சு.

அம்மா ஒரே வார்த்தைதான் சொன்னாங்க: "தானேவுக்கும் இப்படித்தான்டா சிரிச்ச."

என் கணக்கு

சனிக்கிழமை சாயங்காலம் ஆறு மணிக்குக் கரண்ட் போச்சு. நான் பதறல. இன்வெர்ட்டர் இருக்கு. இன்ஜினியர் மூளை உடனே கணக்குப் போட்டுச்சு.

பேட்டரி 150 ஆம்பியர் ஹவர், 12 வோல்ட். பெருக்கினா 1800 வாட் ஹவர். வழியில வீணாகறது போக 1400 வெச்சுக்கலாம். லோடு என்ன? லேப்டாப் 60 வாட், ரவுட்டர் 10, ஃபேன் 75, லைட் 20, போன் சார்ஜர் 15. மொத்தம் 180. 1400-ஐ 180-ஆல வகுத்தா கிட்டத்தட்ட எட்டு மணி நேரம். "ராத்திரி ரெண்டு மணி வரைக்கும் தாங்கும்மா, அதுக்குள்ள கரண்ட் வந்துரும்"னு அறிவிச்சேன். குழந்தைங்க கையில போனைக் கொடுத்து கார்ட்டூன் போட்டேன். நான் லேப்டாப் முன்னாடி உட்கார்ந்து கிராஃப் பாத்துட்டிருந்தேன்.

அந்த பேட்டரிக்கு வயசு அஞ்சு வருஷம். அதை நான் கணக்குல சேர்க்கவே இல்ல. ஸ்டிக்கர்ல போட்டிருக்கிற 150 புது பேட்டரிக்கு. ஆபீஸ்ல யாராவது டாக்குமென்ட்ல இருக்கிற கெபாசிட்டியை மட்டும் நம்பி, லோடு டெஸ்ட் பண்ணாம சிஸ்டத்தை லைவ்ல விட்டா நான் சும்மா விடுவேனா? எங்க வீட்ல நானே அதைத்தான் பண்ணியிருக்கேன்.

வெளியில காத்து ஊளையிட ஆரம்பிச்சுது. ஏழு, எட்டு மணிக்குத் தெருவுல தண்ணி. ஒன்பதரைக்குக் கீழ் வீட்டு வாசப்படி தாண்டிடுச்சு. தாத்தா மெயினை ஆஃப் பண்ணிட்டு, ஒரு பெட்டியையும் மாத்திரை டப்பாவையும் தூக்கிக்கிட்டு, பாட்டியைக் கைபிடிச்சு மாடிக்குக் கூட்டிட்டு வந்தார். இப்ப வீட்ல ஆறு பேர்.

பத்தரை மணிக்கு இன்வெர்ட்டர் பீப் அடிச்சுது. நாலு தடவை கத்திட்டு அடங்கிடுச்சு. என் கணக்குல இன்னும் மூணரை மணி நேரம் பாக்கி இருந்துச்சு.

புயல் பாண்டிக்குப் பக்கத்துல முழுசா கரையைக் கடந்தப்ப ராத்திரி பதினொன்றரை. கடந்துட்டா போயிரும்னு எல்லாரும் நினைச்சோம். அது போகல. அதுக்கப்புறமும் பல மணி நேரம் எங்க ஊருக்குப் பக்கத்துலேயே நகராம நின்னுக்கிட்டுக் கொட்டுச்சு. மறுநாள் காலையோட முடிஞ்ச 24 மணி நேரத்துல பாண்டியில பெய்ஞ்ச மழை 46 சென்டிமீட்டருக்கு மேல. அதுக்கு முன்னாடி ஒரே நாள்ல பெய்ஞ்ச அதிகபட்சம்னு சொன்னது 2004 அக்டோபர் 31-ல 21 சென்டிமீட்டர். எங்க ஊருக்கு ஒரு வருஷத்துக்கே சராசரியா 130 சென்டிமீட்டர்தான். அதுல மூணுல ஒரு பங்கு ஒரே நாள்ல.

ரெண்டே முக்கால்

ராத்திரி ரெண்டே முக்கால் இருக்கும். சின்னவன் இருமுற சத்தம். முதல்ல சாதாரண இருமல். அப்புறம் அந்த விசில் சத்தம். வீசிங் இருக்கிற குழந்தையை வெச்சிருக்கிறவங்களுக்கு அந்தச் சத்தம் தெரியும். மூச்சு விடும்போது உள்ள ஏதோ சின்ன ஊதல் ஊதுற மாதிரி.

நான் எழுந்து ஓடி நெபுலைசரை எடுத்து பிளக்ல சொருகினேன். சுவிட்சைப் போட்டேன். ஒண்ணும் ஆகல. திரும்பப் போட்டேன். இருட்டுல நின்னு மூணாவது தடவையும் போட்டேன். கரண்ட் இல்லன்னு எனக்குத் தெரியும். ஆனாலும் கை போட்டுக்கிட்டே இருந்துச்சு.

நெபுலைசர் மெஷின் சுமார் 150 வாட் எடுக்கும். ஒரு தடவை மருந்து கொடுக்கப் பத்து நிமிஷம். 25 வாட் ஹவர். என் லேப்டாப் 25 நிமிஷம் ஓடின செலவு அவ்வளவுதான். நான் அன்னிக்கு நாலரை மணி நேரம் ஓட்டியிருந்தேன். அந்த நேரம் முழுக்க ஒரு அலாரம் கூட வரல.

இன்னொண்ணும் சொல்லணும். சாயங்காலமே டீம் குரூப்ல "இங்க புயல், ஆன்-கால் யாராவது எடுத்துக்கோங்க"ன்னு ஒரு மெசேஜ் போட்டிருந்தா, யாராவது எடுத்திருப்பாங்க. இருபது செகண்ட் வேலை. நான் போடல. ஏன் போடலன்னா, கேக்கறதுக்கு ஒரு கூச்சம். அவ்வளவுதான் காரணம்.

அக்காவுக்கு போன் அடிச்சேன். சிக்னல் இல்ல. வெளியில இடுப்பளவு தண்ணி, அதுவும் இருட்டுல. அம்மா அவனை மடியில நிமிர்த்தி உட்கார வெச்சு முதுகைத் தடவிட்டிருந்தாங்க. "இன்னொண்ணு என்னமோ காட்டினாளேடா அக்கா, அது என்னது?"ன்னு கேட்டாங்க. அக்கா காட்டினது எனக்குத் தெரியும். என்ன சொன்னான்னு தெரியல.

அப்பதான் பெரியவ கண்ணைத் தேய்ச்சுக்கிட்டு எழுந்து வந்தா. "மாமா, கரண்ட் இல்லன்னா அந்த நீட்டுக் குழாய்ல கொடுக்கணும். எனக்குத் தெரியும்."

பையைத் திறந்தா. ஸ்பேசரை எடுத்தா, மாஸ்க்கை மாட்டினா. "முதல்ல இதைக் குலுக்கணும். இப்படிச் சொருகணும். மாஸ்க் மூக்கையும் வாயையும் நல்லா மூடணும், இடுக்கு இருக்கக் கூடாது. ஒரே ஒரு தடவை அமுக்கணும். அப்புறம் அவன் சும்மா மூச்சு விடணும், நாம எண்ணணும்." நான் டார்ச் பிடிச்சேன். டாக்டர் சீட்டுல எத்தனை தடவைன்னு தெளிவா எழுதியிருந்துச்சு, அதைப் படிச்சேன். அம்மா பிடிச்சுக்கிட்டாங்க, நான் அமுக்கினேன், அவ எண்ணினா. "ஒண்ணு, ரெண்டு, மூணு..." பத்து வரைக்கும். கொஞ்சம் நிறுத்தி, திரும்பக் குலுக்கி, அடுத்தது.

அரை மணி நேரத்துல அந்த விசில் அடங்குச்சு. மூணரைக்கு அம்மா தோள்லயே தூங்கிட்டான். நான் பாத்ரூம்ல போய் நின்னேன். கை நடுங்கறது நிக்க நேரம் ஆச்சு.

நான் டாக்டர் இல்ல. ஆனா பிறகு எங்க டாக்டர்கிட்ட கேட்டுத் தெரிஞ்சுக்கிட்டதைச் சொல்றேன். லேசான, நடுத்தர இளைப்புக்கு ஸ்பேசரோட இன்ஹேலர் கொடுத்தா, நெபுலைசர் அளவுக்கே வேலை செய்யும். அதுக்குக் கரண்ட் வேணாம். நாமதான் பெரிய மெஷின்னா பெரிய மருந்துன்னு நினைச்சுக்கிறோம். ஆனா மூச்சு இழுக்கும்போது விலா எலும்புக்கு நடுவுல தோல் உள்ள போகுது, பேச முடியல, உதடு நீலமாகுதுன்னா, காத்திருக்கக் கூடாது. 108, இல்லன்னா 112. மழையோ புயலோ, உதவி கேட்டே ஆகணும்.

"அம்மா வந்துட்டிருக்காங்க"

ஞாயித்துக்கிழமை விடிஞ்சப்ப தெரு இல்ல, வாய்க்கால்தான். பக்கத்துல கிருஷ்ணா நகர்ல இன்னும் மோசம், கிட்டத்தட்ட அஞ்சடித் தண்ணி. சென்னையிலிருந்து ராணுவம் வந்து போட் விட்டு நூத்துக்கும் மேல ஜனங்களை மீட்டாங்க.

எங்க வீட்ல கரண்ட் இல்ல, மோட்டார் ஓடாது, போன்ல எட்டு பர்சன்ட். கையில ரெண்டு குழந்தைங்க, முழு நாள் பாக்கி. அம்மா நிரப்பி வெச்ச குடங்கள் வரிசையா நின்னுச்சு. நான் அதுங்களைப் பாக்காம நடந்தேன்.

பெரியவ கேட்டா: "அம்மா எப்ப வருவாங்க?"

"வந்துட்டிருக்காங்கடா"ன்னேன்.

பொய். அக்கா எங்க இருக்கான்னே எனக்குத் தெரியாது. கடைசியா சனிக்கிழமை எட்டு மணிக்குப் பேசினது. ஆனா குழந்தைகிட்ட வேற என்ன சொல்றது, அழுமேன்னு அப்படிச் சொன்னேன். அரை மணி கழிச்சு வந்து கேட்டா: "இப்ப எங்க வந்திருப்பாங்க?" "திண்டிவனம்." இன்னும் அரை மணி. "திண்டிவனத்துலேர்ந்து ஒரு மணி நேரம்தானே மாமா?" மணியை எண்ணிட்டிருக்கா! பத்து மணிக்குச் சாப்பிட மாட்டேன்னுட்டா. ஜன்னலை விட்டு நகரல. அக்கா பைக்குத் தண்ணி மேல வரும்ங்கிற மாதிரி தெருவையே பாத்துட்டிருந்தா.

அப்பதான் தானே ஞாபகம் வந்துச்சு. 2011 டிசம்பர் 30, அரையாண்டு லீவு. காலையில விடியற நேரத்துல கடலூருக்கும் பாண்டிக்கும் நடுவுல கரையைக் கடந்துச்சு. காத்து மணிக்கு 140 கிலோமீட்டர் வரைக்கும். எனக்கு 14 வயசு. வீட்ல நான் பயந்து சாகும்போது, தாத்தா என் கையில டிரான்சிஸ்டரைக் கொடுத்து, "நியூஸ் கேட்டு எல்லாருக்கும் சொல்றது உன் வேலை. உள்ளதைச் சொல்லு. கூட்டியும் சொல்லாத, குறைச்சும் சொல்லாத"ன்னார். அன்னிக்கு மரம் முறியற சத்தத்துக்கு நடுவுல நான் ஒரு அறையிலிருந்து இன்னொரு அறைக்குப் போய்ப் போய் நியூஸ் வாசிச்சேன். நாள் கணக்கா கரண்ட் இல்லாம இருந்தோம். ஆனா அந்த லீவை நினைச்சா எனக்கு முதல்ல ஞாபகம் வர்றது பயம் இல்ல, அந்த ரேடியோதான்.

பெரியவ பக்கத்துல போய் உட்கார்ந்தேன். "மாமா பொய் சொல்லிட்டேன். அம்மா எப்ப வருவாங்கன்னு எனக்குத் தெரியாது. நேத்து எட்டு மணிக்குப் பேசினப்ப சென்னையில பத்திரமா இருந்தாங்க. ரோட்டுல தண்ணி. தண்ணி வடிஞ்சாதான் வர முடியும்."

அழுவான்னு நினைச்சேன். அவ கொஞ்ச நேரம் யோசிச்சுட்டுக் கேட்டா: "தண்ணி வடியுதான்னு எப்படித் தெரியும்?"

நல்ல கேள்வி. ஒரு பழைய நோட்டும் பேனாவும் கொடுத்தேன். எங்க மாடிப்படியில எத்தனை படி தண்ணிக்குள்ள இருக்குன்னு மணிக்கு ஒரு தடவை மேல நின்னே பாத்து எழுதணும், கீழ இறங்கக் கூடாது. வீட்ல எல்லாருக்கும் ரிப்போர்ட் சொல்லணும். ஆபீஸ்ல நாங்க இதை மானிட்டரிங்னு சொல்லுவோம், லட்சக்கணக்குல செலவு பண்ணுவோம். இங்க ஒரு பேனா போதும்.

11 மணி, நாலு படி. 12 மணி, நாலு படி. 1 மணி, நாலு படி, மழை குறைஞ்சுது. 3 மணி, மூணரைப் படி. அந்த மூணரையைச் சொல்ல ஓடி வந்த ஓட்டத்தை நான் மறக்க மாட்டேன். சின்னவனுக்கும் ஒரு வேலை கேட்டான். டார்ச் காவலாளி ஆக்கினோம். யார் டார்ச் எடுத்தாலும் அவன்கிட்ட சொல்லிட்டுத்தான் எடுக்கணும். ஹவுஸ் ஓனர் தாத்தா கூட அனுமதி கேட்டார்.

மத்தியானம் ரெண்டு பேரும் ரெண்டு தட்டு ரசம் சாதம் சாப்பிட்டாங்க. கார்ட்டூன் வேணும்னு ஒரு தடவை கேட்டாங்க, "சார்ஜ் அம்மா பேசறதுக்கு வேணும்"னு சொன்னேன். அதுக்கப்புறம் கேக்கல.

அதனால எனக்குத் தோணுறது இதுதான். வீட்டுக்குள்ள மாட்டிக்கிட்ட குழந்தைகளை எப்படி எங்கேஜ் பண்றதுன்னு நிறைய பேர் கேக்கறாங்க. அவங்களுக்கு நிலவரம் தெரியணும், கையில ஒரு நிஜ வேலை இருக்கணும். விளையாட்டு அதுவா வந்துரும். அன்னிக்கு ராத்திரி அந்த ஸ்பேசர் விஷயமும் அப்படித்தான். அக்கா ஒவ்வொரு தடவையும் தம்பிக்கு மருந்து கொடுக்கும்போது பெரியவளைப் பக்கத்துல வெச்சு எண்ணச் சொல்லியிருக்கா. அதனாலதான் அவளுக்குத் தெரிஞ்சிருந்துச்சு. எனக்குச் சொன்னப்ப என் காதுல ஹெட்ஃபோன்.

நாலு விஷயம்

லீவு சமயம், குழந்தைங்க வீட்ல இருப்பாங்க, மழையும் வரலாம். நான் இப்ப பண்றதைச் சொல்றேன்.

ஒண்ணு, ஒரு ஞாயித்துக்கிழமை மெயினை ஆஃப் பண்ணி, இன்வெர்ட்டர் உண்மையில எவ்வளவு நேரம் ஓடுதுன்னு பாருங்க. ஸ்டிக்கரை நம்பாதீங்க. ரெண்டு, யாருக்காவது மருந்து மெஷின் தேவைன்னா, கரண்ட் இல்லாம என்ன பண்றதுன்னு டாக்டர்கிட்ட இப்பவே கேட்டு, பேப்பர்ல எழுதி வையுங்க. வீட்ல எல்லாரும் ஒரு தடவை கையால செஞ்சு பாக்கணும். மூணு, முக்கியமான போன் நம்பரைச் சுவத்துல எழுதி ஒட்டுங்க. அக்கா நம்பர் எனக்கு மனப்பாடமா தெரியாதுன்னு அன்னிக்குத்தான் தெரிஞ்சுது. நாலு, அம்மா குடம் நிரப்பும்போது சிரிக்காதீங்க, கூட நிரப்புங்க.

அக்கா திங்கட்கிழமை சாயங்காலம் எங்கெங்கயோ சுத்தி வந்து சேர்ந்தா. ராத்திரி நடந்ததை அவகிட்ட மெதுவா, கொஞ்சம் குறைச்சுச் சொன்னேன். "லேசா இளைப்பு வந்துச்சுக்கா, மேனேஜ் பண்ணிட்டோம்." அவ தலையாட்டிட்டு நோட்டைப் புரட்டினா. கடைசி வரி, "திங்கள் 5 மணி. 0 படி. அம்மா வந்தாச்சு." முதல் பக்கத்துக்குப் போனா. அங்க, பெரியவ ஞாயித்துக்கிழமை ஞாபகப்படுத்தி எழுதினது: "ராத்திரி. தம்பிக்கு மருந்து கொடுத்தோம். மாமா ரொம்ப பயந்துட்டாரு."

அக்கா என்னை நிமிர்ந்து பாத்தா. நான் முழுக் கதையும் சொன்னேன், லேப்டாப் உட்பட. திட்டினா. திட்டு வாங்க வேண்டியவன்தான்.

அந்த நோட்டு இப்பவும் எங்க வீட்ல இருக்கு. இன்னிக்குக் காலையில தூறல் ஆரம்பிச்சதும் பெரியவ போன் பண்ணி, "மாமா, எத்தனை படி?"ன்னு கேட்டா. எட்டிப் பாத்துட்டு, உள்ளதைச் சொன்னேன். சைபர்.

உங்க வீட்டுப் புயல் கதை இருந்தா வாய்ஸ் நோட் அனுப்புங்க, அடுத்த எபிசோட்ல போடலாம். பத்திரமா இருங்க. அடுத்த வாரம் பாப்போம்.